இடது ஓரத்து ரப்பர் இறால்

என் வேனின் டாஷ்போர்டில், இடது ஓரத்தில், கண்ணாடியை ஒட்டி ஒரு ரப்பர் இறால் உட்கார்ந்திருக்கிறது. கட்டைவிரல் நீளம்தான். செங்கல் நிறம், முதுகெல்லாம் மிளகுப்பொடி தூவியதுபோலக் கறுப்புப் புள்ளி. இரண்டு மீசைகளில் ஒன்று அறுந்துபோயிற்று. வயிற்றில் தூண்டில் முள் இருந்த இடத்தில் ஒரு கீறல் இருக்கிறது, முள் இல்லை. ஏறுகிற கேஜி பிள்ளைகளில் தினம் ஒன்றாவது அதைப் பார்த்து உயிருள்ளதா என்று இங்கிலீஷில் கேட்கும். தூங்குது, எழுப்பாதே என்று நான் தமிழில் சொல்வேன். அதுகளுக்குப் புரிந்துவிடும். போன வருஷம் வண்டி கழுவுகிறவர் அதைக் குப்பையென்று எடுத்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் யார்டில் இருந்த டிரைவர்களெல்லாம் ஏதோ விபத்து என்று ஓடிவந்தார்கள். தொட்டியைக் கவிழ்த்து, ஆறு பேர் சேர்ந்து தேடி, ஒரு சமோசா காகிதத்துக்குள்ளிருந்து இறாலை மீட்டோம். இத்தனூண்டு ரப்பருக்கா இத்தனை அமர்க்களம் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த இறால் இல்லையென்றால் நான் இன்றைக்கு இந்த ஊரிலேயே இல்லை.

அதைக் கொடுத்தவர் டிரைவர் அண்ணன். ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெரிய பஸ்ஸில் அவர் டிரைவராகவும் நான் நானியாகவும் மூன்று வருஷம் வேலை பார்த்தோம். நானி என்றால் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, பெல்ட் மாட்டிவிட்டு, பெயர் பார்த்து அட்டென்டன்ஸ் ஷீட்டில் குறிக்கிற பெண். அவர் இராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், இந்த நாட்டில் இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவர். நான் அரியலூர்ப் பக்கம், சிமெண்டுப் புழுதியில் வளர்ந்தவள். இங்கே வருகிறவரைக்கும் கடலைப் பார்த்ததே இரண்டு தடவைதான். அவர் என்னைத் தங்கச்சி என்பார். அதற்குமேல் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எனக்கோ வாய் நிற்காது. அவர் பங்குக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்வேன்.

காலை ஏழரைக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் மத்தியானம் ஒன்றரை வரை எங்களுக்கு வேலையில்லை. கம்பெனி யார்டு தொழில்பேட்டையின் அந்தக் கோடியில் இருந்தது. அந்நேரத்து நெரிசலில் போய்த் திரும்புவதற்குள் பொழுது போய்விடும். அதனால் அஜ்மான் கடலோரத்தில் ஒரு மணல்வெளியில் பஸ்ஸை நிறுத்திக்கொள்ள அனுமதி இருந்தது. அதற்கு முன்னால் நான் கடைசி சீட்டுவரை நடந்து, ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்து, தூங்கிப்போன பிள்ளை யாருமில்லை என்று உறுதிசெய்து, பின்னால் இருக்கிற பொத்தானை அமுக்கியிருக்கவேண்டும். அமுக்காவிட்டால் பஸ் ஊரைக் கூட்டி அலறும். பஸ்ஸை நிறுத்தியதும் அவர் தன் சீட்டுக்கு அடியிலிருந்து பச்சைப் பெட்டியையும் தூண்டில் ராடையும் எடுப்பார். மீன்பிடிக்கிற அனுமதி அட்டை இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, அலைதடுப்புப் பாறைகள்மேல் போய் நின்றுவிடுவார்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் என் மகளின் வளையல் பெட்டி தோற்றது. கரண்டி முனைபோல மினுக்கும் வெள்ளைத் தகடுகள், வாயில் சின்ன நாக்கு வைத்த பிளாஸ்டிக் மீன்கள், இறகு கட்டிய முட்கள், பச்சையிலும் ஊதாவிலும் செங்கல் நிறத்திலும் ரப்பர் புழுக்கள், ரப்பர் இறால்கள். ஈயக்குண்டுகள் மட்டும் உளுந்து அளவிலிருந்து புளியங்கொட்டை அளவுவரை தனித்தனிக் குழியில். வலைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இந்தப் பொம்மையெல்லாம் எதற்கு என்று கேட்டேன். முன்பு நிஜ இறால் வைத்துத்தான் பிடித்தாராம். ஒருநாள் இரைப் பொட்டலத்தைச் சீட்டுக்கு அடியில் மறந்துவிட்டார். மறுநாள் வெயிலில் பஸ் முழுக்க நாறி, நாற்பது பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கம்பெனியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. அன்றோடு நிஜ இரை கலாஸ். பிடிக்கிற மீனும் பஸ் ஏறாது, மணல்வெளி வாட்ச்மேனுக்குப் போய்விடும். சின்னச்சின்னப் பாரை மீன்கள் மாட்டும். அவருக்கு வேண்டியது அதுவல்ல, புள்ளிக் களவா. இங்கே ஹமூர் என்கிறார்களே, பழுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்தது, அதே. பாறை இடுக்கில் படுத்துக்கொண்டு வாய்க்கு நேரே வருவதை மட்டும் கவ்வுகிற சோம்பேறி. அதை ஒரு பொய் இரையால் ஒருதடவையாவது ஏமாற்றிவிடவேண்டும் என்று அவருக்கு ஒரு வீம்பு.

ஏமாந்தது என்னவோ அவர்தான். மூன்று தடவை வீசுவார். கடிக்காவிட்டால் இரையை மாற்றுவார். தகட்டை எடுத்துவிட்டுப் புழு, புழுவை எடுத்துவிட்டு இறகு. கட்டுகிற விதத்தையும் மாற்றுவார். ஒருநாள் தூண்டில் நரம்பின் நுனியில் ஈயம், அதற்கு ஒரு சாண் மேலே முள். மறுநாள் ஈயம் முன்னால், முள் பின்னால். இன்னொரு நாள் ஈயமே கிடையாது. இதற்கிடையில் இரை பாறையில் மாட்டிக்கொள்ளும். இழுப்பார், நரம்பு அறுந்து இரை கடலோடு போகும். உடனே அந்த இடத்தைத் திட்டிவிட்டுப் பத்தடி தள்ளிப்போய் நின்றுகொள்வார். பஸ் படியில் உட்கார்ந்திருந்த நான், புடவைக் கடையில் பெண்கள்கூட இவ்வளவு மாற்றிப் பார்க்கமாட்டார்கள் என்று கிண்டலடிப்பேன். அவர் அடுத்த இரையை எடுத்து மாட்டுவார்.

சிரித்தேனே தவிர, அந்த வருஷம் என் வேலையே ஆட்டம் கண்டிருந்தது. பெரிய பஸ்களைக் குறைக்கப்போகிறோம், பாதி நானிகள் தேவையில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. கேஜி பிள்ளைகளின் சின்ன வேன்களை ஓட்டப் பெண்கள் வேண்டும். லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு அந்த வேலை, எடுக்காதவர்களுக்கு ஜூனோடு சரி. என் வீட்டுக்காரர் அலுமினியப் பட்டறையில் இருக்கிறார். எங்களை அழைத்துக்கொள்வதற்கு முன்னால் எட்டு வருஷம் தொழிலாளர் கேம்பில் அடுக்குக் கட்டிலில் படுத்தவர். இரண்டு சம்பளம் இருந்ததால்தான் அஜ்மானில் ஓர் அறை, மகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். என் வேலை போனால் நானும் மகளும் ஊருக்கு, அவர் மறுபடி கேம்ப் கட்டிலுக்கு. ஒருநாள் அவர் கேம்பில் பெட்டிக்குப் போட்டிருந்த பழைய பூட்டை எடுத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

நான் நாலு தடவை டெஸ்ட் கொடுத்து நாலு தடவையும் ஃபெயில். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுத்த அம்மா முறைத்தார். இரண்டாவது தடவை செருப்பு வழுக்கியது; ஷூ வாங்கினேன். மூன்றாவது தடவை காலை வெயில் கண்ணில் அடித்தது. மத்தியான நேரம் கேட்டு வாங்கினேன். நாலாவது தடவைக்குப் பிறகு சொல்லிக்கொடுத்த பெண்ணையே மாற்றினேன். அந்த நாலாவது ஃபெயிலுக்கு மறுநாள் எனக்கு யார்மேலாவது எரிந்து விழவேண்டும்போல் இருந்தது. எதிரில் அண்ணன் இரை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு வெற்று அட்டென்டன்ஸ் ஷீட்டை எடுத்து, பிள்ளைகள் பெயர் எழுதுகிற இடத்தில் அவருடைய இரைகளை வரிசையாக எழுதினேன். வெள்ளைத் தகடு, ஊதாப் புழு, செங்கல் இறால் என்று முப்பது பேர். மீன் கடித்தால் டிக், பாறையில் மாட்டித் தொலைந்தால் ஆப்சென்ட். அவரைக் குத்துவதற்காகத்தான் செய்தேன், வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை. எழுதியதை நீட்டினேன். அவர் கோபப்படவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, தண்ணி ஏறுதா இறங்குதான்னும் ஒரு கட்டம் போடு தங்கச்சி என்று திருப்பிக் கொடுத்தார்.

அப்படி நாலு மாசம் ஷீட் ஓடியது. பிப்ரவரியில் ஒருநாள் காலை கடல் வழக்கத்தைவிட வெகுதூரம் இறங்கிக் கிடந்தது. எப்போதும் தண்ணீருக்குள் இருக்கிற பாறைகளின் கால்மாடெல்லாம் பாசியோடு வெளியே தெரிந்தது. அண்ணன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார், தொலைந்த இரை ஏதாவது கிடைக்குமா என்று. மேலே நான் ஷீட்டோடு நின்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, நான் ஆப்சென்ட்டை அடித்துவிட்டு லேட் என்று குறித்தேன். வெள்ளைத் தகடு, லேட். ஊதாப் புழு, லேட். ஐந்து, ஆறு, ஏழு என்று வந்தபோதுதான் கவனித்தேன், மனிதர் நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம், அதற்குள்ளிருந்தே ஏழும் வந்துகொண்டிருந்தன.

“அண்ணே, ஏழு பேரும் ஒரே ஸ்டாப்புலதான் எறங்கியிருக்காங்க” என்று கத்தினேன்.

அவர் கையில் இருந்த இரையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், ஈரப்பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எங்கன மாட்டுதுன்னு நான் ஒதுங்கி ஒதுங்கிப் போனேனோ, அங்கனதான் அவன் படுத்துக் கெடக்கான், தங்கச்சி.”

மறுநாள் பெட்டியிலிருந்து ஒரே ஒரு செங்கல் நிற இறாலை எடுத்தார். முள்ளின் கூர் வெளியே தெரியாதபடி இறாலின் உடம்புக்குள்ளேயே மறைத்துக் குத்தினார். பாறை உரசினால் மாட்டாது, மீன் கவ்வி அழுத்தினால்தான் கூர் வெளியே வரும். முன்னால் தோட்டா மாதிரி ஒரு சின்ன ஈயம், இறாலைப் பள்ளத்தின் அடிவரை கொண்டுபோக மட்டும். இன்றைக்கு வேறு இரை கிடையாது என்று நான் பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. வீசினார், தரையில் தட்டித் தட்டி மெதுவாக இழுத்தார், ஒன்றுமில்லை. பழக்கதோஷம், மூன்றாவது வீச்சில் கை பெட்டிப் பக்கம் நீண்டது. நான் எழுந்திருக்கவில்லை. பத்து, பதினைந்து, இருபது. மறுநாளும் அதே இறால், அதே பள்ளம். மூன்றாம் நாள் ராடு ஒடிந்துவிடும்போல வளைந்தது. மேலே வந்தது புள்ளிக் களவாவேதான், வாயைப் பிளந்துகொண்டு, ஆரஞ்சுப் புள்ளிகள் வெயிலில் பளிச்சென்று. பஸ்ஸில் யாரோ பிள்ளை விட்டுப்போயிருந்த ஸ்கேலை வைத்து அளந்தோம். சட்டம் சொல்கிற அளவுக்கு நாலு விரல் குறைவு. சரி வாட்ச்மேனுக்கு இன்றைக்குச் சாதம் மட்டும்தான் என்று நான் நினைப்பதற்குள் அவர் முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. நாலு மாசத்துப் பாடு போகிறதே என்று எனக்குத்தான் ஆற்றாமை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் கேட்டது, ஷீட்டின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது என்று. உன் நாலு டெஸ்ட்டையும் அதில் எழுது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் என்ன மீனா என்று கேட்டேன். அவர் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றார். வேறு வழியில்லாமல் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் யார், என்ன கார், என்ன செருப்பு, என்ன நேரம், எங்கே ஃபெயில். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் கைப்பையில் நாலாக மடித்துவைத்திருந்த ஃபெயில் காகிதங்களை எடுக்கவேண்டியிருந்தது. மடித்துவைத்தேனே தவிர ஒருநாளும் ஒழுங்காகப் படித்ததில்லை; படிக்கப் படிக்க அவமானமாக இருக்கும். மற்றக் கட்டங்களில் நாலும் நாலு விதம். கடைசிக் கட்டத்தில் நாலும் ஒன்று. ரவுண்டானா, ரவுண்டானா, ரவுண்டானா, ரவுண்டானா.

ஊரில் என்ன ஓட்டினாய் என்று கேட்டார். ஸ்கூட்டி, ஏழு வருஷம் என்றேன். ரவுண்டானாவுக்குள் நுழையும்முன் எந்தப் பக்கம் பார்ப்பாய் என்றார். வாய் பதில் சொல்வதற்குள் என் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பிவிட்டது. நம் ஊரில் வண்டி வலப்பக்கமிருந்துதானே வரும். இங்கே இடப்பக்கமிருந்து வரும். அது எனக்குத் தெரியாதா? பரீட்சைக்கு எழுதச் சொன்னால் நூற்றுக்கு நூறு எழுதுவேன். கழுத்துக்குத்தான் தெரியவில்லை. ஷூவையும் நேரத்தையும் ஆளையும் மாற்றிக்கொண்டிருந்தேனே, அரியலூர்க் கழுத்தோடுதானே நாலு தடவையும் போய் உட்கார்ந்தேன் என்று நினைத்ததும் பஸ் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமாகவும் இருந்தது, பாரம் விட்டதுபோலவும் இருந்தது. அண்ணன் நான் எழுதிய ஷீட்டை எடுத்துப் பார்த்தார்.

“இனிமே எதையும் மாத்தாத. மாட்டுற எடத்துக்கே போ” என்றார்.

போனேன். சொல்லிக்கொடுக்கிற பாகிஸ்தானி அக்காவிடம், பாஜி என்று கூப்பிடுவோம், ஆறு கிளாசும் ரவுண்டானா மட்டும்தான் வேண்டும் என்றேன். பைத்தியமா என்று உருதுவில் கேட்டார். ஆமாம் என்றேன். ஆறு கிளாசிலும் சுற்றிச் சுற்றி வந்து அவருக்குத் தலை சுற்றியது. பஸ்ஸில் அண்ணன் வேறொன்று ஆரம்பித்தார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர், ஒவ்வொரு ரவுண்டானா வாசலிலும் பஸ்ஸை நிறுத்தி உரக்க “லெஃப்ட்” என்பார். முன்சீட்டில் இருக்கிற நான் இடப்பக்கம் திரும்பிப் பார்த்து, வண்டி வரவில்லை என்று சொன்ன பிறகுதான் பஸ் நகரும். ஒரு வாரத்தில் பின்னால் இருந்த நாற்பது பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ரவுண்டானா வந்தால் போதும், லெஃப்ட் என்று பஸ்ஸே அதிரும், நாற்பது தலையும் இடப்பக்கம் திரும்பும். என் பெண் வீட்டில் சோபாவில் உட்காருவதற்கு முன்னால்கூட லெஃப்ட் என்கிறாள், உங்கள் பஸ்ஸில் என்னதான் நடக்கிறது என்று ஒரு மலையாளத்து அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாவது டெஸ்ட் ஏப்ரலில் வந்தது. முதல் தடவை முறைத்த அதே அம்மாதான் பக்கத்தில். ரவுண்டானா வந்தது. கழுத்து வலப்பக்கம் போகக் கிளம்பியதை நன்றாக உணர்ந்தேன். என்னை அறியாமல் வாய்விட்டு “லெஃப்ட்” என்று கத்திவிட்டேன். அந்த அம்மா திடுக்கிட்டு யாரிடம் பேசுகிறாய் என்றார். என் பஸ் பிள்ளைகளிடம் என்று சொல்லிவிட்டு, இடப்பக்கம் பார்த்து, ஒரு லாரியைப் போகவிட்டு, இடைவெளி கிடைத்ததும் நுழைந்தேன். வளைந்து சரியான வழியில் வெளியே வந்தேன். பாஸ். அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கேம்ப் பூட்டைத் தேடியெடுத்து என் வீட்டுக்காரர் கண்முன்னால் குப்பையில் போட்டேன். அவர் அதை எடுக்கவில்லை.

வேன் ஓட்டுவதற்கான பயிற்சி, அனுமதி எல்லாம் முடிந்து வண்டியை என் கையில் கொடுத்த அன்று அண்ணன் யார்டுக்கு வந்திருந்தார். அப்போதுதான் தெரிந்தது, குறைக்கப்போகிற பஸ்களில் எங்களுடையதும் ஒன்று என்று. அவருக்கு அது முதலிலிருந்தே தெரியும். நான் வேலை போகிறதே என்று புலம்பிய நாளெல்லாம் தன் வேலையும் போகிறது என்று அவர் ஒருதடவைகூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். இருபத்திரண்டு வருஷம் போதும், ஊரில் ஒரு பள்ளிக்கூட வேன் காத்திருக்கிறது என்று சிரித்தார். பெட்டியிலிருந்து அந்தச் செங்கல் இறாலை எடுத்து, பிள்ளைகள் கை படுமே என்று கட்டிங் பிளேயரால் முள்ளை நறுக்கி எறிந்துவிட்டு, என் டாஷ்போர்டின் இடது ஓரத்தில் பசை வைத்து ஒட்டினார். அட்டென்டன்ஸ் ஷீட்டை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்தக் கதை இதோடு முடிந்தது என்றுதான் போன மாதம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். குரலே சரியில்லை. அவர் ஊர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ரவுண்டானா போட்டிருக்கிறார்களாம். பிள்ளைகளோடு வேனில் போனவர் இடப்பக்கம் பார்த்துவிட்டு நேரே உள்ளே விட்டுவிட்டார். வலப்பக்கமிருந்து வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றதாம். யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் மூன்று நாளாக வண்டியைத் தொடவில்லை என்றார். கேட்டதும் முதலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பிறகு அந்தக் குரலை மறுபடி கேட்டபோது அழுகை வந்தது. அன்று சாயங்காலமே தூண்டில் சாமான் விற்கிற கடைக்குப் போய் அதே செங்கல் நிறத்தில் ஓர் இறால் வாங்கினேன். லீவில் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு அட்டென்டன்ஸ் ஷீட். அதில் ஒரே ஒரு பெயர், அவருடையது, மற்றக் கட்டமெல்லாம் காலி.

நேற்று பதில் வந்தது.

“தங்கச்சி, இறாலு வந்து சேந்துச்சு. வலது ஓரத்துல ஒட்டியிருக்கேன். நாளைக்கி வண்டி எடுக்குறேன்.”

இன்று காலை ஆறேகாலுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் முதல் ரவுண்டானாவில் நின்றேன். அண்ணன் ஊரில் ஏழேமுக்கால், அவருடைய வேனும் ஓடுகிற நேரம். என் பிள்ளைகள் எல்லாம் லெஃப்ட் என்று கத்தினார்கள். இறாலைப் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன். அவர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.